ஒடோவின் வளவு

2004 ஒக்டோபரில், காளான் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே விமலநாதன் நெஞ்சடைத்து இறந்துபோனார். பிரான்சில், ஜெர்மன் எல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, இருநூறு பேர்கூட இல்லாத ஒடோன்கூர் என்ற கிராமம். அங்கே தமிழர் என்றால் அவரும் மனைவி சுலோஜனாவும் மட்டும்தான்.

சுலோஜனா எல்லைக்கு அப்பால் ஜெர்மனியில் இருந்த அண்ணன் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் போன் எடுத்தாள். "வியாழக்கிழமை செத்தவீடு. எங்கடை ஆக்கள் எண்டு இஞ்சை ஒருத்தரும் இல்லை. வாறியளோ அண்ணை?"

"வாறன்," என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

ஏழு வருடமாக அவரிடம் இருந்தது வதிவிட உரிமை அல்ல, டுல்டுங். நாடுகடத்துவதைத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று சொல்லும் தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முத்திரை குத்துவார்கள். மறுநாள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"நீங்கள் போவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் எல்லையைத் தாண்டினால் இந்தத் தாள் செல்லாது. திரும்பி வர முடியாது."

"ஒரு நாள்தான்."

"ஒரு மணி நேரம் என்றாலும் அப்படித்தான்."

அகதி விடுதியின் ஒற்றை அறையில் மனைவி நாகலட்சுமி ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். "போகாதையுங்கோ எண்டு சொல்லமாட்டன்," என்றாள். "பிள்ளை பிறக்கேக்கை நீங்கள் எங்கை நிப்பியள் எண்டதை மட்டும் சொல்லுங்கோ."



வியாழன் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறினார். ஜெர்மனியின் கடைசி நிலையத்தில் ரயில் நின்றது. ஒலிபெருக்கி பிரெஞ்சிலும் பேசத் தொடங்கியது. கதவு மூடும் நேரத்தில் எழுந்து இறங்கிவிட்டார். நடைமேடையில் இருந்த வாங்கில் உட்கார்ந்தார். அடுத்த ரயில் வந்தபோது எழுந்து கதவுவரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த ரயிலுக்கும் அப்படியே.

இரண்டு மணிக்குச் சுலோஜனா போன் எடுத்தாள்.

"எல்லாம் முடிஞ்சுது. எங்கை நிக்கிறியள்?"

"ஸ்டேசனிலை. இஞ்சாலைப் பக்கந்தான் சுலோ. ஏலாமல் போச்சு."

அவள் கோபிக்கவில்லை.

"ஊர் முழுக்க வந்தது அண்ணை. மேயர் பேசினவர். ஒடோன்கூர் எண்டால் ஒடோ எண்டவன்ரை வீடுவளவு எண்டு அர்த்தமாம். ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்தி ரைன் ஆத்துக்கு அங்காலையிருந்து வந்த பிறத்தியானாம். காடு வெட்டி இருந்திட்டானாம். அவன்ரை பேரிலைதான் நாங்கள் எல்லாரும் இருக்கிறம், அதாலை விமலநாதனும் இந்த ஊர் ஆள்தான் எண்டு சொன்னவர்."

"ஒடோ பிறகு திரும்பிப் போனவனோ?"

"அதை அவர் சொல்லேல்லை. ஒருத்தருக்கும் தேவாரம் தெரியாது அண்ணை. நான் தனியத்தான் பாடினனான்."

ஸ்ரீஸ்கந்தராஜா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள்.

விடுதிக்கு வந்தபோது நாகலட்சுமி பெரிய பானையில் தண்ணீர் சுடவைத்திருந்தாள்.

"நான் போகேல்லை," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள். "முழுகிப்போட்டு வாங்கோ."