தகட்டிலிருந்து இறங்கிய நாரை

கோசலையின் வெள்ளை வான் வண்டியின் பின் இலக்கத் தகட்டில் பொறித்திருந்த நாரை, 2023 ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றில் பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க்கடைத் தெருவான ரூ காயில் இறங்கி, தெருவோரம் கழுவத் திறந்துவிட்டிருந்த தண்ணீரைக் குடித்தது. அன்று முருங்கைக்காய் விலை ஏறியிருந்ததால் கடைக்காரர்கள் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. கோசலை புறநகரான ஸ்தேனிலிருந்து அந்தக் கடைகளுக்கு மரக்கறி கொண்டுவருபவள். வடக்கே ஒரு சதுப்புநிலத்தைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் நாரை பொறித்த தகடுகளை விற்றபோது, கூடுதலாகக் காசு கட்டி ஒன்றை வாங்கியிருந்தாள். பறவைகள்மேல் அவளுக்குத் தனிப் பிரியம் எதுவும் இருந்ததில்லை. பதினொரு வருடம் விசாவுக்கும் வீட்டுக்கும் கேட்டுக் கேட்டே கையெழுத்து வைத்தவளுக்கு, கொடுப்பதற்காக வைத்த முதல் கையெழுத்து அதுதான்.

நாரை தினமும் இறங்கியது. அவள் நெத்தலி வைத்தாள், தின்றது. ஐப்பசிக்குள், அதே தகடு வாங்கியிருந்த ஆர்ஜொந்தெய்ப் புறநகர் வான்களின் நாரைகள் ஒவ்வொன்றாக மறைந்து, தகடுகளில் எண்கள் மட்டும் மிஞ்சின. மளிகைக்கடைப் பத்திநாதர், “அங்கை சதுப்பிலை தண்ணி வத்தியிருக்கும் பிள்ளை, ஒருக்காப் போய்ப் பாருங்கோ” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் லக்சிகாவுடன் போனாள். சதுப்பு இருந்த இடத்தில் மண் நிரப்பி, சாமான் அடுக்கும் கிட்டங்கி கட்ட அளவு முளைகள் நட்டிருந்தார்கள். காவலுக்கு நின்ற மஞ்சள் தொப்பிக்காரர் ஒருவர் லக்சிகாவுடன் பிரெஞ்சில் நெடுநேரம் பேசினார்.

“செ ஃபினி, எல்லாம் முடிஞ்சுதாம் அம்மா” என்றாள் லக்சிகா. “சங்கத்தைப் போன வருசமே பூட்டிப்போட்டினமாம்.”

“அப்ப நாங்கள் கட்டினது?”

“அது தனக்குத் தெரியாதாம்.”

நாரை இறங்கி, உலர்ந்த மண்ணை அலகால் கிண்டிக்கொண்டே மாலைவரை நடந்தது. கோசலை பக்கத்தில் குந்தியிருந்தாள். “வேறை எங்கையாவது போ, தாயே. பறக்கலாம்தானே” என்று கைகளை வீசி விரட்டியும் பார்த்தாள். அது பறக்கவில்லை. இருட்ட முன்னர் தகட்டில் ஏறி, உலகத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டது. அதற்குப் பிறகு இறங்கவேயில்லை. ஒரு கிழமை நெத்தலி வைத்துப் பார்த்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள்.

மாசியில் வானைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனாள். பரிசோதகர் பிரேக்கையும் விளக்குகளையும் புகையையும் பார்த்தார். தகட்டின் முன் சற்று நேரம் குனிந்து நின்றார். பிறகு தாளில், ‘பறவை திரும்பி நிற்கிறது, எண்கள் தெளிவு’ என்று எழுதி, இரண்டு வருடத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்.