மாடிப்படியில் ஒரு கிராஸிங்

சொன்ன நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்ட பேங்க் மதிப்பீட்டாளர் கேட்டைத் திறந்துகொண்டிருந்தபோது, சொன்ன நேரம் போய் வெகுநேரம் கழித்து வந்த இன்ஜினியர் அதே கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில் இருந்த காலம் முழுக்க அவருடைய ஸ்டேஷனில் இரண்டு ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகு, சொந்த வீட்டு வாசலில், அது நடந்துவிட்டது. இதில் இருவரும் "நீங்க முதல்ல போங்க" என்று ஒருவருக்கொருவர் மரியாதை வேறு செய்துகொண்டிருந்தார்கள்.

"வந்துட்டாங்களா?" என்றாள் மனைவி, நாற்காலியில் உட்கார்ந்தபடி. வலது முட்டியின் மேல் வெந்நீர்ப் பை.

"வந்துட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

வீட்டை விற்க வேண்டிய காரணம் அந்த வலது முட்டிதான். இடது முட்டியும் உடந்தை. சமையலறையும் கூடமும் கீழே, படுக்கையறையும் குளியலறையும் மேலே என்று கட்டிய வீடு. கட்டிய வயதில் மாடி ஏறுவது பெருமை. இப்போது அவள் காலையில் இறங்கினால் ராத்திரி படுக்கத்தான் ஏறுகிறாள், அதுவும் ஒவ்வொரு படியிலும் முன்னோர் பெயர் ஒன்றைச் சொல்லிக்கொண்டு. இரண்டு தெரு தள்ளி ஒரு பல் டாக்டர் தன் வீட்டை விற்கிறார். எல்லா அறையும் தரையோடு தரை. பார்த்த அன்றே அவள் கூடத்திலிருந்து படுக்கையறைக்கும், படுக்கையறையிலிருந்து கூடத்துக்கும் காரணமே இல்லாமல் நடந்து காட்டினாள். "மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன்" என்று டாக்டர் வாய்வார்த்தை கொடுத்திருந்தார். ஆனால் இந்த வீடு விலைபோனால்தான் அந்த வீடு. இதை வாங்க வந்த மருந்துக்கடைக்காரருக்கு பேங்க் கடன் கிடைத்தால்தான் இது விலைபோகும். வீட்டில் என்னென்ன கோளாறு என்று சொல்ல அவர் அனுப்பும் இன்ஜினியர் வர வேண்டும். வீடு என்ன பெறும் என்று சொல்ல பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் வர வேண்டும்.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "அப்பா, முதல்ல இன்ஜினியர் வந்து பாக்கட்டும். அவரு சொல்ற ரிப்பேரை முடிங்க. அதுக்கப்புறம் பேங்க் ஆளை வரச் சொல்லுங்க. நடுவுல ஒரு வாரமாவது விடுங்கப்பா. ரெண்டையும் ஒரே நாள்ல போட்டு உருட்டாதீங்க."

"எனக்கே டைம்டேபிளா?" என்று சிரித்துவிட்டு போனை வைத்த கையோடு இரண்டையும் ஒரே நாளில் போட்டார் ஸ்டேஷன் மாஸ்டர். மாசக் கடைசிதான் கண்ணில் நின்றது. இன்ஜினியர் பின்வாசல் வழியாகப் போவார், மதிப்பீட்டாளர் முன்வாசல் வழியாக வருவார், நடுவில் ஒரு டீ குடிக்கும் இடைவெளி. கூட்ஸை ஓரத் தடத்தில் ஒதுக்கிவிட்டு எக்ஸ்பிரஸை அனுப்பியவருக்கு இது ஒரு வேலையா?

கோளாறு விஷயத்திலும் முன்னேற்பாடு செய்திருந்தார். மாடிப் படுக்கையறையில், கூரையும் சுவரும் சேரும் மூலையில், பலத்த மழைக்கு ஈரம் இறங்கும். நாள்பட்ட கறை. ஸ்டூல் போட்டு ஏறி, கறை இருந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்தார். பத்து வருஷத்துப் பழுப்புக்கு நடுவே அந்த ஒரு மூலை பளபளவென்று விடிந்தது. அன்று ராத்திரி மூச்சு வாங்க மாடிக்கு வந்த மனைவி அதை அண்ணாந்து பார்த்தாள்.

"கறையை மறைக்கச் சொன்னா அதுக்கு ஸ்டேஷன் போர்டு வச்சிருக்கீங்களே!"

"காய்ஞ்சா கலந்துடும்."

கலக்கவில்லை.

இப்போது இரண்டு பேரும் கூடத்தில் நின்றார்கள். இன்ஜினியர் இளைஞர், கையில் டார்ச், முகத்தில் தாமதத்துக்கான அசட்டுச் சிரிப்பு. மதிப்பீட்டாளர் நடுவயதுக்காரர்; சுவரைப் பார்த்துச் சிவப்புப் புள்ளி அடித்து நீளம் சொல்லும் கருவியைத் துப்பாக்கிபோலப் பிடித்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, நீங்க மாடிக்குப் போய் ஆரம்பிங்க. சார், நீங்க கீழேர்ந்து வாங்க. நடுவுல படியில மாறிக்கலாம். அகலமான படிதான், இடிச்சுக்க மாட்டீங்க."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். முப்பது வருஷம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவள். ஸ்டேஷனிலிருந்து அவர் எட்டிப் பார்த்தால் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் அவள் கை தெரியும். கை பக்கவாட்டில் நேராக நீட்டியிருந்தால் சாப்பாடு ஆகவில்லை, அங்கேயே நில். கை சரிந்து இறங்கினால் வரலாம். பழைய கைகாட்டி மரத்தின் சட்டம். அசல் கைகாட்டி என்றைக்காவது மக்கர் பண்ணும். அவள் கை ஒருநாளும் பண்ணியதில்லை. சில நாள் சமையல் முடிந்த பிறகும் வேண்டுமென்றே நேராக நீட்டிக்கொண்டிருப்பாள் என்று அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் உண்டு.

சொன்னபடியே ஒருவர் மேலே போனார், ஒருவர் கீழே அளந்தார். பிறகு ஒருவர் இறங்க, ஒருவர் ஏற, படி திரும்பும் இடத்தில் இருந்த மேடையில் இருவரும் சந்தித்து, தோள்கூட உரசாமல் விலகிப் போனார்கள். கீழே நின்ற ஸ்டேஷன் மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த அகலத்துக்காக அவர் கொத்தனாரோடு போட்ட சண்டை கொஞ்சமா நஞ்சமா! "வீடு கட்டுறீங்களா, சினிமா கொட்டகை கட்டுறீங்களா?" என்று கேட்டார் கொத்தனார். "ஏறுறவனும் இறங்குறவனும் ஒரே நேரத்துல வந்தா?" என்று கேட்டார் இவர். "உங்க வீட்ல மொத்தமே மூணு பேரு சார்," என்றார் கொத்தனார். இத்தனை வருஷம் கழித்து இன்றுதான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கிறது.

"பாத்தீங்களா சார், படி!" என்று மதிப்பீட்டாளரின் பின்னாலேயே ஏறினார். "பீரோவைச் சாய்க்காமலே மேல கொண்டுபோகலாம்."

"அருமையான படி சார்," என்றார் மதிப்பீட்டாளர், சிவப்புப் புள்ளியைக் கைப்பிடியில் அடித்தபடி. "ஆனா படியோட அகலத்துக்குத் தனியா மதிப்பு கிடையாது. சொல்லப்போனா இந்த இடத்துல ஒரு சின்ன ரூமே வந்திருக்கும்."

"ரூம்ல ரெண்டு பேரு மாறிக்க முடியுமா?"

மதிப்பீட்டாளர் சிவப்புப் புள்ளியை அடுத்த சுவருக்கு நகர்த்தினார்.

கீழே எதையோ சரிபார்த்துவிட்டு இன்ஜினியரும் திரும்ப மேலே வந்தார். படுக்கையறையில் மூவரும் அந்த மூலைக்குக் கீழே நின்றார்கள். டார்ச் அடிக்க அவசியமே இருக்கவில்லை. மூலை தானாகவே வெளிச்சமாக இருந்தது.

"ஐயா, இங்க ஒழுகுதா?" என்றார் இன்ஜினியர்.

ஸ்டேஷன் மாஸ்டரின் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக நின்றது. பல நாள் ஒத்திகை பார்த்த பொய்: பேத்தி பந்து எறிந்து அழுக்காக்கினாள், அதனால் அடித்தது. சொன்னால் இவர்கள் நம்பினாலும் நம்புவார்கள். ஆனால் எதிரே இருவர் பதிலுக்குக் காத்து நிற்பதைப் பார்த்ததும் பழைய புத்தி வந்துவிட்டது. தண்டவாளத்தில் விரிசல் இருக்கிறதா என்று அடுத்த ஸ்டேஷன்காரன் கேட்டால், பந்து எறிந்தார்கள் என்றா சொல்வது?

"ஒழுகும். மேற்கிலேர்ந்து காத்தோட அடிக்கிற மழைக்கு மட்டும். சாதா மழைக்கு ஒரு சொட்டு வராது. பெயின்ட் அடிச்சது நான்தான்."

"அது தெரியுது ஐயா," என்றார் இன்ஜினியர் பணிவாக.

மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், தண்ணீர்க் குழாய் இறங்கும் வாயைச் சுற்றிச் சிமென்ட் விட்டுப்போயிருக்கிறது, கொத்திவிட்டுப் பூசினால் தீர்ந்தது, கட்டடத்துக்கு வேறு குறையில்லை என்றார். மதிப்பீட்டாளர் கருவியை உறையில் போட்டார்.

"சார், இன்னிக்கு நான் எழுதினா ஈரத்தோடதான் எழுதணும். கடன் குறையும், வாங்குறவரு பின்வாங்குவாரு. சரிபண்ணிட்டு கூப்பிடுங்க, வந்து மறுபடி பாக்குறேன். ஆனா எனக்கு வரிசையா வேலை இருக்கு. மாசக் கடைசிக்குள்ள வருவேன்னு வாக்கு கொடுக்க முடியாது. எப்படிச் செய்யலாம்?"

ஸ்டேஷன் மாஸ்டர் மேடை வரை இறங்கி வந்தார். கீழே மனைவி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. மாசக் கடைசி தாண்டினால் பல் டாக்டரின் வீடு வேறு யாருக்கோ போகும். அவள் காரணமில்லாமல் நடந்து பார்த்த அந்தக் கூடம், அந்தப் படுக்கையறை.

"என்ன பண்றது?" என்றார்.

"என்னை ஏன் கேக்குறீங்க? லைன்ல விரிசல்னு தெரிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"வண்டியை நிறுத்துவேன்."

"அப்புறம் என்ன? என் முட்டி எக்ஸ்பிரஸ் இல்ல, பாசஞ்சர்தான். ரெண்டு நாள் நின்னு போகும். ஒழுகுற வீட்டைத் தலையில கட்டிட்டாங்கன்னு அந்த மருந்துக்கடைக்காரன் தெருவுல பாக்குறப்பெல்லாம் பேசினா, அங்க தரைவீட்ல படுத்தாலும் எனக்குத் தூக்கம் வராது."

ஸ்டேஷன் மாஸ்டர் மேலே திரும்பி, கம்பீரமாக, இருப்பதிலேயே தாமதமான அந்த முடிவைச் சொன்னார்: "சரிபண்ணிட்டே கூப்பிடுறேன் சார்." மகளும் இதைத்தான் சொன்னாள் என்பதை யாரிடமும் சொல்ல அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

கொத்தனார் வந்து கொத்திப் பூசிவிட்டுப் போனார். போகிற போக்கில் படியைப் பார்த்து, "இப்பவும் மூணு பேருதானா?" என்று விசாரித்தார். "ரெண்டு," என்றாள் மனைவி. பல் டாக்டருக்கு விஷயத்தைச் சொன்னபோது, "பார்ப்போம்மா, இன்னொருத்தரும் கேட்டுட்டிருக்காரு, யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

பூச்சு இறுகியதும், மழைக்குக் காத்திராமல் தாங்களே மழை பெய்வது என்று முடிவாயிற்று. ஸ்டேஷன் மாஸ்டர் மொட்டைமாடியில் ஹோஸ் பைப்போடு நின்றார். மூலையைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கத்திச் சொன்னால் தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது. அதனால் பழைய கைகாட்டிச் சட்டம்தான்: கை நேராக இருந்தால் இன்னும் பார்த்தாகவில்லை, அடித்துக்கொண்டே இரு; சரிந்து இறங்கினால் ஒரு சொட்டும் இல்லை, நிறுத்தலாம். அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பட்டப்பகலில், படியில் கால் வைத்தாள். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டாள். நடுமேடைக்கு வந்ததும் அவர் போட்டுவைத்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அங்கிருந்து திறந்த கதவு வழியாகப் படுக்கையறையின் பளபள மூலை தெரிந்தது. நிமிர்ந்தால் மொட்டைமாடிக் கதவில் நின்ற அவர் தெரிந்தார். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க முடிகிற மாதிரி ஒரு மேடை. இதையும் தான் யோசித்துத்தான் கட்டியதாக அவர் அந்தக் கணமே நம்பத் தொடங்கினார்.

அவள் வலது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டினாள்.

தண்ணீர் மேற்கிலிருந்து அடிக்கும் மழைபோலச் சாய்ந்து விழுந்து குழாய் வாயைச் சுற்றிச் சுழன்றது. கீழே கூடத்தில் போன் அடித்தது. டாக்டராக இருக்கலாம். இருவரும் அசையவில்லை. அவர் பைப்பைப் பிடித்தபடி கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தார். அவள் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி என்னவோ இருந்தது. கை மட்டும் நேராக, கொஞ்சமும் நடுங்காமல், நீட்டியபடியே இருந்தது.