அபராதப் பாத்திரங்கள்

“அப்போ திறந்துடலாமா?”

“திறங்க சார்.”

“ஒண்ணும் இல்லாமப் போனா என்னைத் திட்டக் கூடாது.”

“திட்டமாட்டேன், அழுவேன். திறங்க!”

தலைவர் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். எதிரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவள் அவர் குழுவிலேயே இளையவள். புரோட்டான்களை மோதவிட்டு, சிதறலில் மீச்சமச்சீர்த் துகளை, அதாவது கோட்பாடு மட்டுமே சொல்லி இதுவரை யாரும் காணாத ஒரு துகளை, தேடுவது அவர்கள் வேலை. அது கருவியில் தடமே பதிக்காது. மோதலுக்குப் பின் ஆற்றல் கணக்கு உதைத்தால், யாரோ நழுவிப் போயிருக்கிறார் என்று ஊகிக்கவேண்டியதுதான். ஆசை கண்ணை மறைத்துவிடக் கூடாதென்று முக்கியமான தரவை இதுவரை ஒருவரும் பார்க்காமல் பூட்டி வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் ‘பெட்டி’.

திரையில் புள்ளிகள் விழுந்தன. சறுக்குமரம் போல இறங்கவேண்டிய வரிசை பாதி வழியில் திமிறி எழுந்து, மேடாக நின்றது.

 அறையில் கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி ஒரு கூச்சல்.

“ரொம்ப ஆடாதீங்கப்பா,” என்றார் தலைவர், கண்ணைத் துடைத்தபடி. “நம்ம கருவியோட கோளாறாக்கூட இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரங்களும் பார்த்தாத்தான் இது துகள்.”

பக்கத்து வீடு என்பது புரோட்டான்கள் சுற்றிவரும் மோதல் வளையத்தின் மறுபுறம் இருக்கும் போட்டிக் கருவி. முடிவை வெளியிடும்வரை இரு தரப்பும் மூச்சுவிடக் கூடாது. இளையவளுக்கோ பக்கத்து வீடு சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. அக்காவுக்கு வேலை அங்கேதான். வேலைப் பேச்சை எடுப்பவள் வீட்டுப் பாத்திரம் முழுக்கக் கழுவவேண்டும் என்று இருவரும் சட்டம் போட்டிருந்தார்கள். அக்கா ஒருநாளும் தோற்றதில்லை. அவள் வாயைத் திறக்க நெம்புகோல் வேண்டும்.

உதட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு இளையவள் வீடு வந்தாள். சமையலறையில் குழாய்ச் சத்தம். முழங்கைவரை நுரையோடு அக்கா, கழுவி அடுக்கிய தட்டுகளையும் எடுத்து மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா இது? யாரும் வாயே திறக்கலையே!”

“நான் திறக்கப் போறேன்டி. அதான் அபராதத்தை முன்கூட்டியே கட்டுறேன்.” அக்கா குழாயை மூடினாள். “எங்க பெட்டியையும் இன்னிக்குத்தான் திறந்தோம்.”

சிரிப்பை அடக்க அக்கா உதட்டைக் கடித்தாள். அது கன்னம் வழியாக வெளியே வந்துவிட்டது.

“உங்க மேடு…” என்றாள்.

மேடு என்ற பேச்சையே இளையவள் எடுக்கவில்லை. அப்படியென்றால் பக்கத்து வீட்டிலும் ஒரு மேடு!

“எந்த இடத்துல நிக்குதுன்னு மட்டும் சொல்லுடி, என் தங்கமே.”