ஏலத்தில் வாயாடி

அந்தப் பள்ளம் என் தம்பியின் மண்டையில் பட்டதால் வந்தது. ஏலக்காரர்கள் அதைக் "காலத்தின் மெல்லிய தடம்" என்று எழுதியிருந்தார்கள். காலமாவது, தடமாவது! சின்ன வயதில் என் பொம்மையின் காலைப் பிய்த்து எறிந்தான் என்று, கையில் கிடைத்ததை எடுத்து நான் ஒரு போடு போட்டேன். கையில் கிடைத்தது அம்மாவின் கடிகாரம். இன்னும் கொஞ்சம் ஓங்கிப் போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

படத்தை அனுப்பியது என் வீட்டுக்காரர். வாங்க வக்கில்லாவிட்டாலும் பழைய சாமான் ஏலங்களை ஃபோனில் பார்த்துப் பெருமூச்சு விடுவது அவர் பொழுதுபோக்கு. படத்துக்குக் கீழே ஒரே வரி: "இது உங்கம்மாவோடது மாதிரி இல்ல?" நான் பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில், வீங்கின கன்னத்தோடு நின்ற ஒருவருக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே பள்ளம். "மிக அரிதான பாக்கெட் கடிகாரம். மணியடித்து நேரம் சொல்வது. ஒரே குடும்பத்தில் போற்றிப் பாதுகாக்கப்பட்டது." டோக்கனை அந்த மனிதர் கையில் திணித்த திணிப்பில் அவர் பல்வலியையே மறந்திருப்பார்.

அம்மாவுக்குக் கண் தெரியாது. தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது பார்வை மங்கத் தொடங்கி, அவன் நடக்கப் பழகுவதற்குள் முழுதாகப் போய்விட்டது. அப்பா எங்கேயோ ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த பூட்டுகளுக்கும் குடைக்கம்பிகளுக்கும் நடுவே இதைப் பார்த்து வாங்கி வந்தார். பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளே குட்டிச் சுத்தியல்கள் தட்டும். கனத்த ஒலி மணிக்கு, இரட்டை ஒலி கால் மணிக்கு, மெல்லிய ஒலி நிமிஷத்துக்கு. அதன் அருமை பெருமை எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. கேட்டால் பதில் சொல்கிறதே, அது போதும் என்றார். நாங்கள் அதற்கு வாயாடி என்று பேர் வைத்தோம்.

வாயாடியை வைத்துத்தான் அம்மா எங்களை வளர்த்தாள். அடுப்பில் வைத்தது வெந்ததா, மாத்திரை நேரம் வந்ததா, ஊர் சுற்றப் போன பிள்ளைகள் எப்போது வீடு திரும்பினார்கள், எல்லாம் வாயாடி சொல்லும். விருந்தாளி எழுந்து போகாமல் கழுத்தறுத்தால், அம்மா மடிக்குள் கையை வைத்து விசையைத் தள்ளுவாள். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள். அப்பா போன பிறகும் அவள் தன் வீட்டில் தனியாகவே இருந்தாள். நான் அடுத்த தெரு. "என் கூட வந்து இரும்மா" என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! "எனக்கென்னடி குறை? மணி கேக்கக்கூட எனக்கு ஒரு ஆள் வேண்டாம்" என்பாள்.

தம்பி அதை எடுத்துப்போன அன்று நானும் அங்கே இருந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இது கொஞ்சம் மெதுவா ஓடுதும்மா. சர்வீசுக்குக் குடுக்கட்டுமா?" என்றான் அவன்.

"எடுத்துட்டுப் போடா. சீக்கிரம் கொண்டா" என்றாள் அம்மா.

இதுதான் நடந்தது. வேறு ஒரு வார்த்தை கிடையாது.

அதன் பிறகு ஸ்பிரிங் வரவில்லை, ஸ்பிரிங் வந்தது ஆனால் பொருந்தவில்லை, ரிப்பேர்க்காரருக்கு உடம்பு சரியில்லை என்று நாளுக்கொரு புளுகு. அம்மா நம்பினாள். ஒரு நாள் விடிந்துவிட்டது என்று நினைத்துக் குளித்து, உடை மாற்றி, தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளிச்சம் வர வெகுநேரம் இருந்திருக்கிறது. பால்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஃபோனில் மணி கேட்கலாமே என்றால், அது ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறது, நேரத்தோடு வானிலையும் சொல்கிறது என்பாள். கடைசியில் எனக்கே ஃபோன் செய்ய ஆரம்பித்தாள். "மணி என்னடி? உனக்குத் தொந்தரவா?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கம்மா யாரிடமும் தொந்தரவா என்று கேட்டவள் இல்லை. தொந்தரவு கொடுத்தே பழகினவள்.

ஏலத்தன்று அவளைக் காரில் ஏற்றிக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னேன். "அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றாள்.

"ஒரு கஷ்டமும் இல்ல. பெரிய கார் வாங்கணுமாம். போன மாசம் என்கிட்டயே சொன்னான்."

"வண்டிய நிறுத்தி ஒரு சோடா வாங்கிக் குடுடி" என்றாள்.

ஏலக்கூடத்தில் கம்பளம் விரித்து வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு எண் அட்டை. பணம் படைத்தவர்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள் போலிருக்கிறது. முன் வரிசையில் தம்பி, சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு. எங்களைப் பார்க்கவில்லை. நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் வாயாடியை ஒரு மெத்தையில் வைத்து மேடைக்குக் கொண்டுவந்தாள். ஏலம் விடுபவர், அதன் ஒலியை இப்போது நீங்களே கேட்கலாம் என்றார். அவள் விசையைத் தள்ளினாள். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. எனக்குப் பக்கத்தில் அம்மாவின் முகம் மலர்ந்தது. காணாமல் போன பிள்ளையின் குரலைக் கேட்டவள் மாதிரி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்தேன்.

"நிறுத்துங்க! அது திருட்டுப் பொருள். எங்கம்மாவோடது."

அத்தனை தலையும் திரும்பியது. தம்பியின் தலை மட்டும் தோளுக்குள் இறங்கியது. ஏலம் நின்றது. கண்ணாடி போட்ட மேலாளர் ஒருவர் ஓடி வந்தார். தம்பியும் வேறு வழியில்லாமல் எழுந்து வந்தான்.

"அக்கா, மானத்த வாங்காத. வெளிய போய்ப் பேசலாம்."

"உனக்கு அது வேற இருக்கா?"

"அம்மா எனக்குக் குடுத்ததுதான் சார். எடுத்துக்கோன்னாங்க" என்றான் மேலாளரிடம்.

"எடுத்துட்டுப் போன்னாங்க. நான் அங்கதான் இருந்தேன்."

முன்னால் இருந்த ஒரு தொப்பைக்காரர் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"ஒண்ணா? மழைல வந்தவர்கிட்ட குடைய எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னா திருப்பிக் கொண்டுவந்து குடுக்கணும். எடுத்துக்கோங்கன்னு சொன்னா குடை அவருக்கே. இது தெரியாமலா இவ்வளவு வயசு வளர்ந்தீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. மேலாளர் நல்ல மனிதர்தான். அம்மாவின் முன்னால் குனிந்து நிதானமாகக் கேட்டார். "அம்மா, நீங்களே சொல்லுங்க. எடுத்துட்டுப் போன்னு சொன்னீங்களா, எடுத்துக்கோன்னு சொன்னீங்களா? நீங்க குடுக்கலன்னா ஏலத்த இப்பவே நிறுத்திடுவோம். பொருள் உங்க கைக்கு வந்துடும். ஆனா போலீசுக்குச் சொல்லியாகணும், அது எங்க விதி."

தம்பி வாயைத் திறந்து "அம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பாவி, அதுவும் குழந்தைக் குரலில்.

அம்மா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். வாயாடி மேடையில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் கிடைத்துவிடும். நான் உள்ளுக்குள் கத்தினேன், சொல்லும்மா, சொல்லித் தொலை.

"எடுத்துக்கோன்னுதான் சொன்னேன்" என்றாள் அம்மா. "என் பொண்ணு பாத்திரம் கழுவிட்டிருந்தா. சரியாக் கேட்டிருக்காது."

மேலாளர் தலையாட்டிவிட்டுப் போனார். என்னைப் பார்த்த பார்வைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. சொத்துக்கு அடித்துக்கொள்ளும் பெண். எண் அட்டைகள் எழுந்தன, தாழ்ந்தன. யாரோ ஃபோனில் கேட்டு வாங்கிவிட்டார்கள். சுத்தியல் விழுந்ததும் கை தட்டினார்கள். எதற்கென்று எனக்கு இன்றைக்கு வரை விளங்கவில்லை.

அம்மாவை வெளியே அழைத்துவந்தேன். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் உட்காரவில்லை.

"ஏம்மா?"

"நாலு பேர் முன்னாடி பெத்த புள்ளையத் திருடன்னு சொல்ல வாய் வரலடி."

"என்னைப் பொய்க்காரின்னு சொல்ல மட்டும் வாய் வந்துச்சே?"

"வந்துச்சு" என்றாள். "நீ தாங்குவ. அவன் தாங்க மாட்டான்."

தாங்குவேனாம். பிறந்ததிலிருந்து இதே பாட்டு. அவன் தாங்க மாட்டான் என்றுதான் ஜன்னலோரச் சீட்டு அவனுக்கு, மேல்படிப்பு அவனுக்கு. அவன் தாங்க மாட்டான் என்றுதான் அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் நான் மட்டும் படுத்துக் கிடந்தேன். தாங்குகிறவள் தலையில்தானே எல்லாவற்றையும் ஏற்றுவார்கள்! அவ்வளவையும் சொன்னேன். குரல் உயர்ந்துதான் போனது. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். மடியில் அம்மாவின் கட்டைவிரல் எதையோ தேடித் தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததும் என் வாய் அடைத்துப் போனது. கோபம் மட்டும் போகவில்லை.

தம்பி வந்தான். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்திருப்பான் போல. முகத்தில் அசடு வழிந்தது. என் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பேசுற கடிகாரம் ஒண்ணு வந்திருக்கும்மா. கையில கட்டிக்கலாம். பொண்ணு குரல்ல அழகாச் சொல்லும். நாளைக்கே வாங்கிட்டு வர்றேன்."

அம்மா மடியிலிருந்த கையை எடுத்துப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவமாம்மா? அதான் நீயே சொல்லிட்டியே, எடுத்துக்கோன்னு." சிரித்துப் பார்த்தான். நான் அவன் மேல் பாயாமல் இருந்ததற்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருந்ததுதான் காரணம்.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சரிம்மா. நான் போயிட்டு வர்றேன்."

"போ" என்றாள் அம்மா.

அவன் இரண்டடி வைத்துவிட்டு நின்றான். தெருமுனைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் போயிட்டு வா என்பவள் அம்மா. சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினாலும் வாசல் வரைக்கும் வந்து சொல்வாள். மீதிச் சொல் வரும் என்று அவன் காத்திருந்தான். நானும்தான் காத்திருந்தேன்.

"அம்மா?" என்றான்.

அம்மா கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வாசல் எந்தப் பக்கம்டி?" என்று என்னைக் கேட்டாள்.