ஒட்டுப்பால்

வேலுசாமி அண்ணன், இறந்து கிடந்த அப்பாவின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கியதும் புஷ்பம் தண்ணீர் வாளியோடு அப்படியே நின்றாள். குளிப்பாட்ட வேண்டுமென்றால் சட்டையைக் கழற்றத்தான் வேண்டும். அடுத்தது கழுத்தில் சுற்றியிருக்கும் துவாய். அதை எடுத்தால் எல்லாரும் பார்த்துவிடுவார்கள்.

சிறுநீரகம் கெட்டுப்போன அப்பா ஏழுமலைக்கு இரத்தம் சுத்தம் செய்ய, பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். "வெளிநாட்டுல இத தோலோட ஒட்டுறதுக்கே ஒரு பசை இருக்காம். இங்க பிளாஸ்டர்தானாம். கழண்டா கை வைக்காம ஓடி வரச் சொல்றாங்க." நர்ஸ் மிஸ் சிங்களத்தில் சொன்னதை அன்று அம்மாவுக்குத் தமிழில் சொன்னவளே புஷ்பம்தான்.

போன கிழமை முழுக்கப் பெய்த மழையில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. பஸ் இல்லை; இரத்தம் சுத்தம் செய்யப் போகவும் முடியவில்லை. வெயில் ஏறிய ஒரு மத்தியானம், வியர்வையில் பிளாஸ்டர் கழன்று தொங்கியது. குழாய் உருவிக்கொண்டால் இரத்தம் பீறிடுமே என்று பயந்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது விரல் வெடித்தால் அந்தப் பாலையே தடவி மூடிக்கொள்கிறவள் அவள். வாளியில் மிச்சமிருந்த பாலைத் தொட்டுக் குழாயைச் சுற்றித் தடவினாள். நன்றாகவே பிடித்துக்கொண்டது.

"அம்மாகிட்ட சொல்லாத. கத்துவா" என்று சிரித்த அப்பா, தானே துவாயைச் சுற்றிக்கொண்டார்.

மறுநாள் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. இன்று விடியும்போது உயிர் போய்விட்டது. அந்தப் பாலா? சுத்தம் செய்யாமல் கிடந்த இரத்தமா? யாரிடமாவது கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்று பயமாக இருந்தது.

"பாத மட்டும் தெறந்திருந்தா ஆள காப்பாத்தியிருக்கலாம்" என்றபடி வேலுசாமி துவாயில் கை வைத்தார்.

"அத வுடுங்கண்ணே. கழுத்த நா தொடைக்கிறேன்" என்றாள் அம்மா.

எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து துவாயை அவிழ்த்தாள். மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைப் போலப் பழுப்பாக இருந்ததை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். அவள் கை தடுமாறவே இல்லை. உரித்ததை உருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். பால் போன பிறகும் குழாய் அசையாமல் அப்படியே இருந்தது.

"புஷ்பம், தண்ணிய இப்புடி வை."

வாளியை வைத்த மகளின் பெருவிரலை அம்மா பார்த்தாள். வெடிப்பின் மேல் அதே பால் காய்ந்திருந்தது.

"கைய மடக்கிக்க" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

பெருவிரலை உள்ளே வைத்துக் கையை மடக்கிக்கொண்டு, ஒப்பாரி வைக்கும் பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள் புஷ்பம்.