பின் சீட்டு இல்லாத இத்தாலி வண்டி

1

இந்தக் கதை நந்தனம் சிக்னலில் எனக்குக் கிடைத்தது. ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். பின்னால் இருந்த ஆண் அவள் தோளுக்கு மேல் தலையை நீட்டி ஓயாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். அவளும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பச்சை விழுந்ததும் போய்விட்டார்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன்.

அவளுக்கு டயானா என்று பெயர் வைத்தேன். அவள் புருஷனுக்கு ஜான். இனிமேல் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். (முடியாது. எனக்கே தெரியும்.)

2

முதல் தொடக்கம்: "டயானா வேகத்தைக் காதலித்தாள்." அடித்துவிட்டேன். அப்படிச் சொல்லும் ஒருத்தியை நான் சென்னையில் சந்தித்ததில்லை.

இரண்டாவது: "நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் குடும்பத்தில் பிறந்த டயானாவின் ரத்தத்தில் கடல் அலை—" இதையும் விட்டுவிட்டேன். மீனவக் குடும்பத்துப் பெண் கதைக்குள் வந்தால் கடலையும் கூடவே இழுத்து வருவது எழுத்தாளர்களுக்கு ஒரு வியாதி.

மூன்றாவது: டயானாவுக்கு ஒரு வண்டி வேண்டும், இருக்கிற பழையது ஓய்ந்துவிட்டது. ஒன்றுதான் வேண்டும், ஏனென்றால் சாந்தோம் சந்தில் அவர்கள் வீட்டு வாசல் ஒரு வண்டிக்கு மேல் தாங்காது. வார நாட்களில் அது ஜானை அவன் வேலை செய்யும் ஆழ்வார்பேட்டை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இறக்கிவிட்டு, அவளை அடையாறுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அவள் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தருகிறாள். மாதம் ஒரு நாள் அதே வண்டி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சாய்ந்து பறக்க வேண்டும். புது வண்டிக்கு வழியில்லை. பழையதாக, நல்ல வி-ட்வின்னாக வேண்டும்.

[இங்கே காஷிஃப் ஓரத்தில் எழுதியிருக்கிறான்: "வி-ட்வின்னா இன்னான்னு சொல்லு நைனா. படிக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்?" காஷிஃப் என் கீழ் வீட்டுக்காரன். பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளில் ரேஸ் டிராக். எனக்கு சைக்கிளே தடுமாற்றம் என்பதால் இந்தக் கதையை அவனிடம் காட்டினேன். தப்புப் பண்ணிவிட்டேன்.]

வி-ட்வின் என்றால் இரண்டு சிலிண்டர், விரித்துக் காட்டிய இரண்டு விரல்களைப் போல நிற்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகினாலே முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலப் போகும். சிக்னலில் நின்றால் பின் சிலிண்டரின் சூடு தொடையை வேகவைக்கும். ஒரு முறை ஓட்டிவிட்டால் வேறு எதுவும் பிடிக்காதாம். டயானா ஒரு முறை ஓட்டிவிட்டாள்.

3

ஜானைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவன் இந்தக் கதைக்குத் தேவையா?

அடையாறில் பாதிப் பெண்களுக்கு வண்டி சொல்லிக்கொடுத்தவளால் கட்டிய புருஷனுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. ரோட்டைப் பார்த்தாலே அவன் பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிடுவான். வீட்டில் ஜான் பேசுவது "சோறு", "போதும்", "கரண்ட் போச்சு". பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் மடை திறந்துவிடும். அவள் முகம் தெரியாது, அவளுக்கும் இவன் முகம் தெரியாது. அது அவனுக்குப் போதும். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டதே வண்டியில்தான். குழந்தை தங்காமல் போன அந்த வருடம் முழுக்க வாயே திறக்காதவன், ஒரு நாள் காந்தி சிலையைத் தாண்டியதும் அவள் முதுகில் நெற்றியை வைத்து அழ ஆரம்பித்தான். டயானா வண்டியை நிறுத்தவில்லை. வீட்டுச் சந்து வந்தும் திரும்பாமல், பெட்ரோல் தீரும்வரை சுற்றினாள்.

ஆகவே ஜான் தேவை. அந்தப் பின் சீட்டு போனால் அந்தப் பேச்சு எங்கே போகும்? இந்தக் கதை அதைப் பற்றியது. மற்றதெல்லாம் டயரும் செயினும்.

4

முதல் வண்டி ஆழ்வார்பேட்டையில், ஒரு பல் டாக்டர் வீட்டில். கொரிய வண்டி.

["கம்பெனி பேரு போடாத. போட்டா அத்தப் புடிச்சவன், புடிக்காதவன், ரெண்டு கோஷ்டியும் வூட்டாண்ட வந்துடும்." — காஷிஃப். நியாயம்.]

டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தது. ரோட்டில் நேராகவே ஓடிய வண்டி. அகலமான பின் சீட்டு. ஜான் ஏறி உட்கார்ந்து, ஒரு தெரு சுற்றி வருவதற்குள் ஒன்றுவிட்ட அத்தையின் சொத்துத் தகராறு முழுவதையும் சொல்லி முடித்தான்.

"எப்பிடிம்மா?" என்றார் டாக்டர்.

"நல்ல வண்டிதான் சார்," என்றாள் டயானா. வேண்டாம் என்று முடிவு செய்த மாப்பிள்ளையை "நல்ல பையன்தான்" என்பார்களே, அந்தக் குரலில்.

5

இரண்டாவது வண்டி மயிலாப்பூரில். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார் ஆராவமுதன். ஆடிட்டர். முதுகில் டிஸ்க் நழுவியதால் வண்டியை விற்கிறார்.

சிவப்பு இத்தாலி வண்டி. டயர் ஓரம்வரை சீராகத் தேய்ந்திருந்தது; சாய்க்கத் தெரிந்தவர் ஓட்டியது. விழுந்த சிராய்ப்பு இல்லை. எண்ணெய்க் கசிவு இல்லை. பின் சீட்டும் இல்லை. அந்த இடத்தில் சிவப்பாக ஒரு மேடு, ஒரு டிபன் பாக்ஸ் வைத்தாலே வழுக்கி விழும்.

ஜான் பக்கத்தில் நிற்க, டயானா குனிந்து இஞ்சினில் கை வைத்தாள். சட்டென்று எடுத்தாள்.

"இன்னா சார், சூடா கீது? ஒரு வாரமா எடுக்கவே இல்லன்னு போன்ல சொன்னீங்க?"

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் முதல் முறை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும்; கோளாறு இருந்தால் அப்போதுதான் தெரியும். விற்பவர் முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்.

இந்த இடத்தில் ஆராவமுதனை ஒரு பக்கம் முழுக்க அயோக்கியனாக எழுதினேன். தங்கப்பல்கூட வைத்தேன். காஷிஃப் கைதட்டினான். அப்புறம்தான் கவனித்தேன், நான் தேர்ந்தெடுத்திருந்தது ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி. தங்கப்பல்லைப் பிடுங்கிவிட்டேன்.

"நாலரைலேர்ந்து ஆறு ராகுகாலம்மா," என்றார் ஆராவமுதன் சங்கடத்துடன். "அதுல போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணி உங்க கையில கொடுக்கலாமோ? அதான் நாலேகாலுக்கே ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓட விட்டேன். நல்ல நேரத்துல ஆரம்பிச்சாச்சுன்னா அப்பறம் தோஷம் இல்லை."

டயானா அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"எங்க மாமியாரும் அப்பிடித்தான் சார். மாதா கோயிலுக்குப் போறதுக்கே ராகுகாலம் பாப்பாங்க. ஆனா ஆறின இஞ்சினப் பாக்காம நான் வாங்கமாட்டேன்."

"ஆறு மணிவரைக்கும் இருங்கோளேன். காப்பி சாப்பிட்டுண்டே பேசலாம்."

6

சாதாரணமாக நான் இங்கே மூன்று நட்சத்திரம் போட்டு ஆறு மணிக்குத் தாவிவிடுவேன். இந்தத் தடவை முடியவில்லை.

ஏனென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் டயானா பேசினாள். ஆராவமுதன் டிராக்கின் ஒரு வளைவைச் சொன்னதும், காப்பி டம்ளரை பிரேக்காகவும் டவராவை வளைவாகவும் வைத்து, எங்கே பிரேக்கை விட வேண்டும், எங்கே முழங்கால் தரையைத் தொடும் என்று நாற்காலியிலேயே சாய்ந்து காட்டினாள். முதுகு வலியை மறந்து ஆராவமுதனும் சாய்ந்தார். பாதி காப்பி தரையில். ஜான் இந்த டயானாவைப் பார்த்ததே இல்லை. அவளும் இத்தனை வருடம் எதையோ பேச இடமில்லாமல் வைத்திருந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் எழுந்து வண்டியிடம் போனான். சிவப்பு மேட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான்.

"சார், இங்க சீட்டு கீட்டு மாட்ட முடியாதா?"

"முடியாதுப்பா. ஒத்தை ஆளுக்குன்னே பண்ணின வண்டி. பின்னாடி வெயிட் தாங்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது."

ஆறு மணியாயிற்று. இஞ்சின் கை வைக்கும் அளவுக்கு ஆறியிருந்தது. டயானா பட்டனை அழுத்தினாள். ஒரே அழுத்தலில் பிடித்துக்கொண்டது. தெரு ஜன்னல்களெல்லாம் அதிர்ந்தன. அவள் முகம் எப்படி இருந்தது என்று மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்து மூன்றையும் அடித்துவிட்டேன். ஜான் பார்த்தான், அவ்வளவுதான்.

7

முடிவு அ: அவள் கொரிய வண்டியை வாங்குகிறாள். ["சப்ப." — காஷிஃப்.] சப்பைதான்.

முடிவு ஆ: "நல்லா கீது, வாங்கிக்கோ. நான் பஸ்ஸுல போய்க்கிறேன்," என்கிறான் ஜான். பஸ்ஸில் யாரோ ஒருவருக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதை எழுதிவிட்டு இரண்டு நாள் நான் மேஜைப் பக்கமே போகவில்லை.

முடிவு இ: ["ஹெல்மெட்டுல ப்ளூடூத் மாட்டி போன்ல பேசிக்கட்டும் நைனா. இதுக்குப் போயி அழுதுகினு கீற." — காஷிஃப்.] காஷிஃபுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஆகவே ஆறு மணிக்கே திரும்பிப் போனேன். ஜான் சொல்ல வேண்டியதையெல்லாம் அடித்து, அவன் வாயைச் சும்மா விட்டேன். டயானா இஞ்சினை அணைத்து, ஜானிடம் திரும்பி, "இன்னா சொல்ற?" என்றாள். ஆராவமுதன் இங்கிதம் தெரிந்தவர், டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜான் தரையில் நின்றான். வண்டி ஓடவில்லை, மறைந்துகொள்ள முதுகு இல்லை. அவள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்:

"நான் எங்கடி உக்கார்றது?"

இதை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் அலங்காரமாக எழுதியிருப்பேன். அவனாகவே கேட்டான், அவளுக்கு நேராக, முதல் தடவையாக. இதற்குமேல் என்னால் ஆகாது. உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மீதியை நீங்கள் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

"ஜான்," என்றாள் டயானா, "