அயோடினும் அரண்மனைச் சால்வையும்

மைசூர் அக்ரஹாரத்துப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு 'அலோகப் பெருவிழா'. உலோகம் அல்லாத தனிமங்களுக்கு இத்தனை மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது. மேடை, மைக், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் தலையில் ஜரிகை வைத்த மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை எல்லாம் இருந்தன. குத்துவிளக்கு எரிவது ஆக்ஸிஜனால்தான், அதுவும் அலோகம்தான் என்று ஹெட்மாஸ்டர் பேசியபோது பலத்த கைதட்டல்.

பத்தாம் வகுப்பில் ஆளுக்கொரு தனிமம். போன வருஷம் கந்தகத்தை எரித்ததில் ஹெட்மாஸ்டர் மூன்று நாள் இருமினார். அதனால் கந்தகத்துக்கு இந்த வருஷம் அனுமதி இல்லை. கார்பன் கிடைத்த உமேஷ் ஒரு பென்சிலைக் கொண்டுவந்து, 'வைரத்தின் உடன்பிறப்பு' என்று சீட்டு ஒட்டிவிட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டான். குளோரின் கிடைத்த தீபக்கின் கையில் பிளீச்சிங் பவுடரைக் கொடுத்துக் கழிவறைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். செயல்முறை விளக்கமாம்.

தாரணிக்கு அயோடின். அரையாண்டுப் பரீட்சையில் அறிவியல் அவளைக் குப்புறத் தள்ளியிருந்தது. செய்முறைக்கு உள்ள இருபது மார்க்கும் முழுசாக விழுந்தால்தான் எழுந்திருக்க முடியும். காலையில் ஹெப்பாள் பாக்டரிக்குக் கம்பெனி பஸ் ஏறும்போதுகூட அப்பா செந்தில்நாதன் படிக்கட்டில் நின்றபடி பத்து விரலையும் இரண்டு தரம் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போனார்.

சோதனை சுலபமானதுதான். மாவுப்பொருள் இருந்தால் அயோடின் பட்டதும் கருநீலமாகும், இல்லாவிட்டால் ஆகாது. ஆவதற்குச் சோறு, ஆகாததற்குப் பாலில் செய்த பன்னீர்க் கட்டி. அந்தப் பன்னீரைத்தான் காணவில்லை.

"ஏய் உமேஷ், இங்க இருந்த பன்னீர் எல்லிடா?"

"டேஸ்ட் பார்த்தேன். ப்யூர்தான், டென்ஷன் ஆகாத," என்றான் வைரத்தின் சொந்தக்காரன்.

அதற்குள் சிறப்பு விருந்தினர் திருநாராயணன் மேசைக்கு வந்துவிட்டார். கூடவே மனைவி ஸரஸா, ரெக்கார்டு நோட்டோடு ஸ்ரீதேவி மிஸ். விருந்தினர் மேலுகோட்டை வம்சம், மிஸ் கொள்ளேகால், தாரணி கன்னடம் கலந்த ஹெப்பாள் பாக்டரித் தமிழ். எல்லோரும் தமிழ் என்று தெரிந்ததும் பேச்சு மூன்று தமிழில் ஆரம்பித்தது.

"நீலமாகாத பொருள் எங்க கண்ணு? அது இல்லாட்டி பாதி மார்க்குதான் போட முடியும்," என்றார் மிஸ்.

தாரணியின் கண், விருந்தினரின் தோளில் பலகை போல விறைத்து நின்ற சால்வையில் விழுந்தது.

"மிஸ், பட்டு புரதம்தானே? நீலமாகாதல்வா?"

திருநாராயணன் காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். மைசூரில் பழைய வீடுகளில் ஓட்டைச் சொம்புகூட அரண்மனையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

"பட்டுன்னு சாதாரணமாச் சொல்லிட்டியே! எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு அரண்மனைல போத்தினது. நூறு வருஷமாச்சு, எப்படி நிக்கறது பார். விடும்மா, ஓரத்துல ஒரு சொட்டு விடு!"

ஸரஸா அவர் முழங்கையைக் கிள்ளினார். "ஏன்னா, வேண்டாம்."

"அறிவியல்டி!" என்றார் அவர்.

தாரணி ஒரு சொட்டு விட்டாள். சால்வை சோற்றைவிட வேகமாகக் கருநீலமாகியது.

மிஸ் பேனாவைத் திறந்து நோட்டில் மார்க்கை எழுதினார். "சோதனை தப்பாப் போச்சு கண்ணு. பத்துதான்."

"இல்ல மிஸ், தப்பில்ல! இதுல கஞ்சி இருக்கு!"

"அரண்மனைப் பட்டுல கஞ்சியா?" விருந்தினரின் பேட்டா ஒருபக்கம் சாய்ந்தது. "ஏதோ மட்டமான அயோடின்!"

ஹெட்மாஸ்டர் ஆமாம் என்று தலையாட்டினார். அயோடினுக்காகப் பரிந்து பேச ஆளில்லை. தாரணிக்கு அப்பாவின் இருபது விரல்களில் பத்து மடங்குவது தெரிந்தது. அவள் விருந்தினர் பக்கம் திரும்பினாள்.

"சார், அரண்மனைலயே போட்ட கஞ்சியா இருக்கும் சார்."

திருநாராயணனின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அதானே! நூறு வருஷத்துக் கஞ்சி! இப்பவும் வேலை செய்யறது பாருங்கோ! இந்தக் காலத்துல எவன் போடறான் இப்படிக் கஞ்சி?"

ஹெட்மாஸ்டர் கைதட்டினார். பக்கத்து மேசைகளிலிருந்தும் கைதட்டல் வந்தது. இரண்டு பெற்றோர் கஞ்சியைப் படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

ஸரஸாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னது, நூறு வருஷமா? நேத்து சாயங்காலம் நான் வடிச்சது! தொங்கறது தொங்கறதுன்னு பிராணனை வாங்கினேளே? பட்டாவது, அரண்மனையாவது. போன தசரா எக்ஸிபிஷன்ல எடுத்தது, இன்னொண்ணு இலவசமாக் குடுத்தான்!"

கைதட்டிய கைகள் எங்கே போவதென்று தெரியாமல் பாக்கெட்டுக்குள் போயின. தாரணி மிஸ்ஸின் பேனாவையே பார்த்தாள்.

"மிஸ், நேத்துக் கஞ்சியா இருந்தாலும் கஞ்சிதானே மிஸ்?"

ஸ்ரீதேவி மிஸ் யோசித்தார். "கஞ்சி எந்த ஊட்டுதா இருந்தா என்னங்க சார்? கண்டுபிடிச்சுக் காட்டிப் போட்டாளே புள்ள." பத்தை அடித்து இருபது என்று எழுதி, மீதிக் கட்டங்களை நிரப்பச் சொல்லி நோட்டைத் தாரணியிடம் கொடுத்தார்.

திருநாராயணன் குனிந்து தாரணியின் காதில் சொன்னார்: "மாதிரி எங்கேர்ந்து எடுத்ததுன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல அரண்மனைன்னு போட்டுடும்மா."

"குக்கர்னு போடு," என்றார் ஸரஸா, எல்லோருக்கும் கேட்கும்படி.

இருவரும் அவள் பேனாவையே பார்த்தார்கள். தாரணி கட்டத்தை நிரப்பாமல் நோட்டை மிஸ் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல சைன் பண்ணிடுங்க மிஸ்."